பங்குனிக் காப்பு

மாடு உள்ளே வர மாட்டேன் என்றது. கம்பிச் சட்டத்துக்குள் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு, பின்னங்காலைச் சாணியில் ஊன்றிப் பின்னுக்கு இழுத்தது. கூட்டிவந்தவர் வாலைப் பிடித்து முறுக்கப் போனார்.

"வாலை விடுங்க. அதுவே பயந்து கிடக்கு, அத ஏன் இன்னும் நோகடிக்கிறீங்க" என்றார் சோலையப்பன். கழுத்துக்கு அடியில் தொங்கும் தோல் மடிப்பை நாலு தடவை தடவிக்கொடுத்தார். தடவிய கையாலேயே கயிற்றைச் சுற்றிக் கம்பத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். மாடு ஒரு தரம் தலையை உதறியது. பிறகு மூச்சை விட்டுக்கொண்டு அப்படியே நின்றது.

"பாத்தீங்களா? முடிச்சு விழுகிற வரைக்குந்தான் ஆட்டமெல்லாம். விழுந்துட்டா தன்னால நின்னுரும்."

கட்டுமாவடிப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியின் புங்க மரத்தடியில், சிமிட்டிப் பெஞ்சில் உட்கார்ந்து செவந்தி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒயர்க்கூடை, அதற்குள் ஒரு தூக்குப் போணி நிறையச் சர்க்கரைப் பொங்கல். புருஷன் வேலை பார்க்கிற இடத்துக்கு இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வந்ததே இரண்டாவது தடவைதான். முதல் தடவை, எருமை உதைத்து அவருடைய இடது மணிக்கட்டு முறிந்தபோது வந்தாள். அந்த எலும்பு கோணலாகக் கூடி, மணிக்கட்டு இன்றைக்கும் வீங்கினாற்போல் தடித்துத்தான் இருந்தது. அந்தக் கையாலேதான் இப்போதும் முடிச்சுப் போட்டார்.

இன்றோடு வேலை முடிகிறது. கணக்குக்கு மாசக் கடைசியான திங்கட்கிழமைதான் ஓய்வு. அன்றைக்கு ரம்ஜானுக்கு லீவு விட்டிருந்ததால் வெள்ளிக்கிழமையே வழியனுப்பு வைத்துக்கொண்டார்கள். டாக்டர் ஹரிணி, சின்னப் பெண், வேலைக்கு வந்து மூன்று வருஷமாகிறது, மேசையில் மிக்சரும் ஜிலேபியும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆடு பிடித்துக்கொண்டு நின்றவர்களையும் உள்ளே கூப்பிட்டாள்.

நாலு மணிக்கு ஜெகபர் சாதிக் மொபெட்டில் வந்து இறங்கினார். அவரும் இங்கே இதே உதவியாளர் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றார். நோன்பு வைத்திருந்த முகம் வாடியிருந்தாலும் சிரிப்புக்குக் குறைவில்லை.

"தங்கச்சி, பள்ளிவாசல் கஞ்சி. பவுசியா ஒனக்குன்னு சொல்லிக் குடுத்துவிட்டா" என்று வாளியைச் செவந்தி பக்கத்தில் வைத்தார். "என்னடா சோலை, எனக்குப் பெருநாள், ஒனக்கு விடுதலை. ரெண்டும் ஒண்ணா வந்துருச்சு."

"ஒனக்கு எப்பவும் பெருநாள்தாண்டா" என்றார் சோலையப்பன். எல்லாரும் சிரித்தார்கள்.

சால்வை போர்த்தினார்கள். டாக்டர் நாலு வார்த்தை பேசினாள். ஆட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்ற அமிர்தவல்லி, வெள்ளை மனசுக்காரி, ஜிலேபியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "அப்பறம் என்னண்ணே, இனிமே வீட்ல இருந்தபடிக்கே பென்சன் வாங்கலாம். எம்புட்டு வரும்?"

சாதிக் குனிந்து வாளியின் மூடியைச் சரிபண்ணினார். அது சரியாகத்தான் இருந்தது.

"நமக்கு அது இல்லம்மா. பாய்க்கு உண்டு. நான் பின்னாடி சேர்ந்த ஆளு."

"ஒண்ணாத்தான வேலை பார்த்தீங்க?"

"ஒண்ணாத்தான் பார்த்தோம். அவன் பங்குனியில முதல்ல சேர்ந்தான், நான் கடைசியில சேர்ந்தேன். நடுவுல ஒரு தேதி விழுந்துருச்சு."

"கமிட்டி போட்டிருக்காங்கண்ணே. பழைய பென்ஷன் வந்தாலும் வரும்" என்றாள் டாக்டர். சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கையில்லை. "எனக்கும் கிடையாதே. நானும் புதுத் திட்டந்தான்."

"வந்தாச் சொல்லிவிடுங்க டாக்டரம்மா, ஓடி வாரேன்" என்றார் சோலையப்பன்.

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். செவந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார், மரத்தடியில் நின்ற ஆட்டைக்கூடப் பார்த்தார். அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் அப்படித்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது ஒரு பழைய குரல் மறுபடி கேட்டது. அது அவள் குரலேதான். அறந்தாங்கி தாண்டி, ஆலங்குடி தாண்டி, திருவரங்குளத்துப் பக்கம் திரும்புகிறவரைக்கும் காதுக்குள்ளேயே இருந்தது. 'வேலை எங்கண்ணே ஓடிப் போகப்போகுது.'

அவருக்கு வேலை வந்த அந்த வருஷம் பங்குனியில் மகன் சரவணக்குமாருக்கு அம்மை போட்டிருந்தது. நாலு வயசுப் பிள்ளை. வேப்பிலையில் கிடந்தான். தொண்டைக்குள்ளும் முத்து இறங்கி, இளநீரைக்கூட முழுங்க மாட்டாமல் வாயோரம் வழியவிட்டான். கண் பாதி திறந்தபடி இருந்தது. செவந்தி வீட்டு மூலையில் விழுந்து கும்பிட்டாள். 'பிள்ளையத் திருப்பிக் குடுத்துரு ஆத்தா. அவுகளக் காப்புக் கட்டி ஒனக்குப் பால்குடம் எடுக்க வைக்கிறேன்' என்று நேர்ந்துகொண்டாள்.

ஊருக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் வேலை உத்தரவு வந்தது. வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டுக் காத்துக் காத்து, முப்பத்தெட்டு வயசில் வந்த உத்தரவு. சோலையப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அரைநாள் நின்றார்.

"செவந்தி, திங்கக்கிழமை போயிக் கையெழுத்துப் போட்டுட்டு, செவ்வாக்கிழமை வந்து காப்புக் கட்டிக்கிறவா?"

"ஆத்தாகிட்டப் போயிச் சாக்குச் சொல்லுவீங்களா? பிள்ளை கிடக்கிற கெடையப் பாருங்க."

காப்புக் கட்டிக்கொண்டவர்கள் தேர் முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லைப் பாலத்துக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டிவிடுவார்கள். பூசாரி மஞ்சள் நூலை எடுத்துக் கொடுப்பார், வீட்டார்தான் கையில் கட்ட வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். சோலையப்பன் கையை நீட்டினார். செவந்தி கட்டினாள்.

அந்த வாரமே சாதிக், அப்போது யாரென்று தெரியாத ஆள், விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். அவரும் அதே உத்தரவில் பேர் வந்தவர், சேர்ந்துவிட்டார். "கூட இன்னொரு ஆளு வரணுமேன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. எனக்கு இந்தப் பக்கம் ஒரு சோலி, அதான் ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். செவந்தி மோர் கொடுத்தாள். "தேர் முடிஞ்சு வருவாக. வேலை எங்கண்ணே ஓடிப் போகப்போகுது" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

வேலை ஓடிப் போகவில்லை. பிள்ளையும் பிழைத்தான். தேர் முடிந்து, காப்பை அவிழ்த்துக் குளத்தில் விட்டுவிட்டு, ஏப்ரல் பிறந்து ஒரு வாரம் கழித்துச் சோலையப்பன் போய்ச் சேர்ந்தார். ஊரே பாராட்டியது. ஆடி மாசத்தில்தான் சேதி வந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதிக்குப் பிறகு சேர்ந்த யாருக்கும் இனிமேல் பழைய பென்சன் கிடையாதாம். சம்பளத்தில் பிடிப்பார்கள், கடைசியில் மொத்தமாக ஒரு தொகை வரும், அதோடு சரி. பின்னால் உட்கார்ந்து போட்ட உத்தரவு, முன்னால் நடந்துபோன ஆளைப் பிடித்து இழுத்தது.

சோலையப்பன் அதைக் கால் கழுவிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, "சோத்தைப் போடு" என்றார். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. திட்டியிருந்தால், ஒரு சட்டியைத் தூக்கி எறிந்திருந்தால், செவந்தி அழுது தீர்த்திருப்பாள். மறு வருஷம் பங்குனியில் அவள் நூலைக் கொண்டுவந்து நீட்டியபோது, "எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போனார். அதற்கடுத்த வருஷமும் வேலை இருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. காப்புக் கட்டுகிற ஞாயிற்றுக்கிழமையில் மனுஷன் கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கோயிலில் நிற்பார்.

மகன் தூங்கும்போது சில நேரம் செவந்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நெற்றியோரம் அம்மைத் தழும்பு ஒன்று. இவன் இருக்கிறான், பென்சன் இல்லை. இப்படி நினைப்பு ஓடும்போதே பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பெற்ற பிள்ளையைத் தராசில் வைக்கிற புத்தி எனக்கு ஏன் வருகிறது என்று அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் அது வரும். சர்க்கரை முற்றி, அவளுக்குத் தினமும் இரண்டு வேளை ஊசி என்றான பிறகு அடிக்கடி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினார்கள். சரவணக்குமாருக்குச் செவந்தி கட்டினாள், அவளுக்கு அவன் கட்டினான். ஆத்தா கொடுத்த உயிர் என்று சொல்லியே வளர்த்த பிள்ளை. வருஷம் தவறாமல் பால்குடம் எடுப்பான். எக்ஸ்ரே எடுக்கிற படிப்புப் படித்துவிட்டு, இரண்டு வருஷமாகப் புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் அவனுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"கோயம்புத்தூர்லம்மா. கவர்மெண்டு ஆஸ்பத்திரி, ஸ்கேன் ரூம்ல. ரெண்டாந்தேதி காலையில அங்க நிக்கணுமாம்."

செவந்தியின் கையிலிருந்த கரண்டி நின்றது. "கவர்மெண்டு ஆஸ்பத்திரியா?"

"ஆமா. ஆனா கம்பெனி மூலமாத்தான்..."

"ரெண்டாந்தேதியா?"

"தேர் முடிஞ்சு வாரேன்னு கேட்டுப் பார்த்தேன்மா. முடியாதாம். வரலைன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்களாம். போகட்டும், வேற வேலை வரும். காப்பைக் கட்டிக்கிட்டு நான் எல்லையத் தாண்ட மாட்டேன்."

அவள் கூடத்தைப் பார்த்தாள். சோலையப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசி வேலை நாள் அது, லீவானாலும் காக்கிச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நான் என்னத்தச் சொல்ல? நீயும் அவனும் பார்த்துக்கங்க."

அன்றைக்கு முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. ஆத்தாளுக்கும் அவளுக்கும்தான் பேச்சு. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்று ஒரு பக்கம் பயந்தாள். இன்னொரு பக்கம், இவனும் அறுபது வயசில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு, 'எனக்கு அது இல்லம்மா' என்று சொல்வான் என்று தோன்றியது. ஒரு தரம் அவள் தேதியைப் பார்க்காமல் விட்டாள். இன்னொரு தரம் விட்டால் அவள் மனுஷியா?

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் குளித்து, ஈரத் தலையோடு அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரவணா, இங்கிட்டு வா. கைய நீட்டு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. பின்வாங்கினான். "வேணாம்மா. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

"ஆனா எனக்கு ஆகட்டும். ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன். நேர்ந்தவ நான், கட்டினவ நான், அறுக்கிறவளும் நான்தான். ஒம்மேல ஒரு குத்தமும் கிடையாது. நீட்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினான். நூல் ஈரமாக இருந்ததால் ஒரே இழுப்பில் அறவில்லை. இரண்டாவது இழுப்பில் அறுந்தது. மஞ்சள் கிழங்குத் துண்டோடு அது அவள் மடியில் விழுந்தது. அவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் மணிக்கட்டில் மஞ்சள் வளையமாக ஒட்டியிருந்ததைத் தன் ஈரக் கையால் தேய்த்துத் துடைத்தாள். அது முழுக்கப் போகவில்லை.

சோலையப்பன் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து மகனுடைய பையைத் தூக்கி வாசலில் வைத்தார். அதற்குமேல் அவர் வரவில்லை.

பாலத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். வேப்பிலை வாடத் தொடங்கியிருந்தது. பஸ் நிற்கிற இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். செவந்தி கையில் காப்பு இருந்ததால் அவள் இந்தப் பக்கமே நின்றாள். குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த பொன்னுத்தாய் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று, அவனையும் அவன் வெறுங்கையையும் பார்த்தாள். பிறகு வேகமாக நடந்தாள். சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும், ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

சரவணக்குமார் தோரணத்துக்கு அடியில் தலையைக் குனிந்து போனான். குனிய வேண்டிய அவசியமே இல்லை, அது அவ்வளவு உயரத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கம் போனதும் திரும்பிப் பார்த்து, "ஊசியப் போட்டுக்கம்மா" என்றான். புதுக்கோட்டை பஸ் வந்தது. ஏறினான்.

வீட்டுக்கு வந்தபோது சோலையப்பன் கொல்லையில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக் குளம்பு சீவிக்கொண்டிருந்தார். செவந்தி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ ஒரு ஓரமாகப் புரட்டி வைத்ததுபோல் இருந்தது.

"அனுப்பிட்டேங்க. தேதிக்கு முந்தியே போயிருவான். ஆத்தா என்னைய என்ன பண்ணாலும் பண்ணட்டும். அவனுக்காச்சும் கடைசிக் காலத்துல மாசம் பிறந்தா ஒண்ணு வரும்ல?"

சோலையப்பன் கத்தியைக் கீழே வைத்தார்.

"செவந்தி, அது கம்பெனி வேலை."

"கவர்மெண்டு ஆஸ்பத்திரின்னான்?"

"கட்டடந்தான் கவர்மெண்டு. ஆளு கம்பெனி ஆளு. பதினோரு மாசத்துக்கு ஒருக்காப் புதுசா எழுதுவாங்களாம். அதுல நேத்துச் சேர்ந்தாலும் நாளைக்குச் சேர்ந்தாலும் பென்சன் கிடையாது."

அவள் அவரையே பார்த்தாள். ஆட்டுக்குட்டி துள்ளி இறங்கி ஓடியது.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அவன் சொன்னான். ஒங்கிட்டயும் சொல்ல வந்தான், நீ காதுல வாங்கல."

"தெரிஞ்சுக்கிட்டா அறுக்க விட்டீங்க?"

அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த குளம்புச் சீவலைத் தட்டினார். "இந்த மாசத்துலேர்ந்து எனக்குச் சம்பளம் கிடையாது. வர்ற தொகை வீட்டுக் கடனுக்கே போயிரும். ஒனக்கு ஊசி வாங்கணும். அவன் போயித்தான ஆகணும்? சொல்லியிருந்தா நீ அனுப்பியிருக்க மாட்ட."

செவந்தி வாயைத் திறந்தாள். இந்த வேலையைப் பற்றிக் கேட்க அல்ல. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்க நினைத்தது வேறு. "அன்னைக்கு நான் கட்டாம இருந்திருந்தா" என்று தொடங்கினாள்.

தெருவில் உறுமிச் சத்தம் வந்தது. ராசு பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். காப்புக் கட்டியவர்கள் வாசலுக்கு வந்து கையைக் காட்டித் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும். செவந்தி எழுந்து போய் வாசலில் நின்று கையை நீட்டினாள்.

"சரவணன் எங்க தாயி? பால்குடத்துக்கு அவன் பேரு இருக்கே" என்றார் பூசாரி. பொன்னுத்தாய் அதற்குள் சொல்லியிருப்பாள். தெரிந்துகொண்டேதான் கேட்டார். பின்னால் நின்ற இரண்டு மூன்று பேர் செவந்தியின் கையைப் பார்த்தார்கள்.

அப்போது கொல்லைப் பக்கமிருந்து சோலையப்பன் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பால்குடம் இந்த வருஷம் நான் எடுக்கிறேன்."

"நீயா? ஒனக்குத்தான் காப்பே கட்டலையேப்பா."

"இப்பக் கட்டிக்கிறேன்" என்றவர் செவந்தி பக்கம் திரும்பினார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். "அத எடு. முந்தானையிலதான வச்சிருக்க?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவர் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கட்டு. எனக்கு இனிமே எங்கிட்டும் போயிச் சேர வேண்டிய தேதி ஒண்ணும் கிடையாது."

மகனுடைய ஒல்லிக் கைக்கு அளவாகக் கட்டி, அறுத்த நூல். முறிந்து கூடிய அந்தத் தடித்த மணிக்கட்டைச் சுற்றி வந்து, ஒரு விரற்கடை தூரத்தில் எட்டாமல் நின்றது. செவந்தி இழுத்துப் பார்த்தாள். எட்டவில்லை. பல்லால் தன் முந்தானைக் கரையைக் கிழித்து, அதிலிருந்து ஓர் இழை உருவி, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, இரண்டு முனைக்கும் நடுவே சேர்த்து முடிந்தாள். சோலையப்பன் முடிச்சு விழும்வரை கையை ஆட்டவில்லை. விழுந்த பிறகும் அப்படியேதான் நின்றார்.